வீட்டுத் தோட்டத்துப் பூக்களைக் கொய்தலும் அமைத்தலும்

சைவப் பாடசாலைகளிலே வாணிவிழா, குருபூசை, பரிசளிப்பு முதலிய தினங்களிற் பூவின்றி நடக்குங் காரியம் ஒன்றுமில்லை. ஆயினும், இக்காலத்துப் பிள்ளைகளுட் பலர் பூவைக் கடையிலே காணுமளவுக்குச் செடியிலே காண்கின்றாரில்லை. விழா அணுகியவுடன் வகுப்புத்தோறும் காசு சேர்ப்பதும், காசு கொண்டுவர இயலாத பிள்ளை தலைகுனிந்து நிற்பதும் சில இடங்களில் வழக்கமாய்விட்டன. அப்பிள்ளையின் வீட்டு வேலியோரத்திலேயோ செவ்வரத்தை நாடோறும் பூத்து நாடோறும் உதிர்கின்றது.

காசு மிச்சம்பிடிக்கும் பொருட்டுப் பிளாஸ்ரிக்குப் பூமாலைகளை ஒருமுறை வாங்கி ஆண்டுதோறும் தூசு தட்டித் தூக்கும் வழக்கமும் இடையிலே புகுந்தது. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 1ஆந் திகதி தொடக்கம் அத்தகைய பூமாலைகள் இலங்கையிலே தடைசெய்யப்பட்டன. தடை வந்தது நன்றே. ஆயினும், தடை ஒன்று ஒரு பொருளை விலக்குமேயன்றி அதனிடத்து வைக்கவேண்டியது இதுவெனக் கற்பிக்கமாட்டாது. அதனைக் கற்பித்தல் உபாத்தியாயர் கடனாம்.

“வீட்டுப் பூ நிலையாது, விழாத் தொடங்குமுன் வாடிப்போம்” என்பதே இதற்குச் சொல்லப்படும் தடை. வாடுவது மெய்யே. ஆனால் அது பூவின் குற்றமன்று. பருவமறியாது கொய்தலானும், வகையறியாது வைத்தலானும் வருங் குற்றம். பூவுக்குப் பருவமும் வகையும் உண்டென்பதைத் தமிழ்ப் பெரியோர் பெயரிட்டே வைத்திருக்கின்றனர். அப்பெயர்களை நாம் இலக்கியபாடத்திலே நெட்டுருப் பண்ணுவித்து விட்டுவிடுகின்றோம். அவை தோட்டத்திலே பயன்படும் அறிவென்பதை இங்கே காட்டப் புகுகின்றோம்.

பூவின் பருவம்

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவம் ஏழாக எண்ணப்படும். தோன்றும் நிலை அரும்பு, பருத்துத் திரண்ட நிலை மொட்டு, விரியும் தறுவாயில் நிற்பது முகை, விரிந்தது மலர், முற்ற விரிந்தது அலர், உதிர்வது வீ, வாடிக் கிடப்பது செம்மல். எல்லாப் பூவையும் ஒரே பருவத்திற் கொய்தல் தவறு.

முகைப்பருவத்திற் கொய்யத்தக்கவை மல்லிகையும் முல்லையும். மாலையில் விரியவேண்டிய மல்லிகையைக் காலையிலே முதிர்ந்த முகையாகக் கொய்து ஈரத்துணியிற் சுற்றி வைத்தால் அது மாலையிலே தானே விரியும். நிலச்சம்பங்கியோ அடியிலிருந்து நுனிநோக்கி விரிவது. ஆதலின் அதன் தண்டிலே கீழுள்ள இரண்டொரு பூ விரிந்தவுடன் கொய்தால், மேலுள்ளவை வீட்டிலே ஒவ்வொன்றாய் விரியும்.

மலர்ப்பருவத்திற் கொய்யத்தக்கவை சினியா, செவ்வந்தி முதலியன. சினியாவை முகையாகக் கொய்தால் அது பின்னர் விரியாது. பூவுக்குக் கீழே ஒரு சாண் அளவிலே காம்பைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்குக. காம்பு துவண்டால் இன்னும் பருவமன்று. விறைத்து நின்றாற் கொய்யலாம்.

அலர்ப்பருவம்வரை காத்திருக்கவேண்டியவை அந்தூரியம், ஹெலிக்கோனியா, செவ்விஞ்சிப்பூ, ஓர்க்கிட் என்பன. அந்தூரியத்திலே நாம் பூவென்று எண்ணும் சிவந்த தகடு ஒரு மடலேயாம். நடுவில் நிற்கும் கதிரிலே உள்ள நுண்ணியவையே அதன் பூக்கள். அக்கதிரின் முக்காற்பங்கு முதிர்ந்தபின் கொய்தால் இரண்டு முதல் நான்கு கிழமைவரை நிற்கும். முந்திக் கொய்தாற் சில நாளிலே தொய்ந்துவிடும். ஹெலிக்கோனியாவின் மடல்கள் கொய்தபின் மேலும் விரியமாட்டா. எந்த அளவு விரிவு வேண்டுமோ அந்த அளவு செடியிலேயே விரியவிடுக.

வீயும் வீணன்று. பவளமல்லிகை இரவில் விரிந்து விடியலிலே தானே உதிர்வது. முதனாள் மாலை மரத்தடியிலே தூய துணி விரித்துவைத்தால் மண்படாது சேரும். உதிர்ந்த ஈழத்தலரிப் பூவும் தாம்பாளத்து நீரிலே மிதக்கவிட அழகுடையதாம். ஈழத்தின் பெயரைத் தாங்கிநிற்கும் இம்மரத்தின் பிறப்பிடம் வெப்பமண்டல அமெரிக்காவென்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுக. அந்தூரியமும் ஹெலிக்கோனியாவும் போகன்வில்லாவும் அவ்வாறு அமெரிக்காவிலிருந்து வந்து நம் முற்றத்துக்கு உரியவாயினவே.

நால்வகைப் பூ

கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ எனப் பூ நால்வகைப்படும். இப்பாகுபாடு பூவின் அழகை நோக்கியதன்று. அது நிற்கும் காம்பை நோக்கியது. கொய்த பூவைக் காப்பதற்கு அறியவேண்டுவதும் காம்பின் இயல்பேயாம்.

கோட்டுப்பூவாவன வெட்சி, நந்தியாவட்டை, அலரி, செவ்வரத்தை முதலியன. இவற்றின் காம்பு மரத்தன்மையுடையது. ஆதலின் கூரிய கத்தியாற் சாய்வாய் வெட்டுதல் வேண்டும். சுத்தியலால் நசுக்குவது குழாய்களைச் சிதைத்து நீரை அழுக்காக்கும். நந்தியாவட்டை, ஈழத்தலரி, மஞ்சளலரி என்பன பாலுடையன. இவற்றை வெட்டியபின் பால் வடியுந்துணையும் வேறு பாத்திரத்து நீரில் நிறுத்தி, அப்பால் மற்றவற்றோடு சேர்க்குக. செவ்வரத்தைக்கு இவையொன்றும் வேண்டா. அது காலையில் விரிந்து மாலையிற் குவியும் ஒருநாட்பூ. நீரில் வைப்பினும் வையாதொழியினும் அதன் ஆயுள் அதுவே. விழா காலையிலாயின் அதைத் தட்டிலே பரப்புக. மாலையிலாயின் வேறு பூவைத் தேடுக.

கொடிப்பூவுள் மல்லிகையும் முல்லையும் தொடுத்தற்குரியன. குடத்தில் நிறுத்துதற்குரியன அல்ல. போகன்வில்லாவின் இலைகளையெல்லாம் உருவிவிட்டு நிறமடல்களை மாத்திரம் விட்டால், இலைவழி நீர் கழியாமையாற் சற்று நெடிது நிற்கும்.

நிலப்பூவாவன சினியா, செவ்வந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லிகை, அந்தூரியம், ஹெலிக்கோனியா முதலியன. செவ்வந்தியின் இலை நீருள் அழுகி விரைவிலே நாற்றமெடுக்கும். அதனை முற்ற அகற்றுக. ஹெலிக்கோனியாவும் செவ்விஞ்சிப்பூவும் காம்புவழி மிகக் குறைந்த நீரையே குடிப்பன. ஆதலால் அவற்றைப் பூவோடும் ஒரு தொட்டி நீரிலே சிறிதுநேரம் அமிழ்த்தி எடுத்தல் நன்று. கோழிக்கொண்டையும் வாடாமல்லிகையும் உலர்ந்தபின்னும் நிறங்கெடாதன; மழைக்காலத்துக்கென நிழலிலே தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தி வைக்கலாம்.

நீர்ப்பூவாவன தாமரை, அல்லி, நீலோற்பலம் முதலியன. 1986ஆம் ஆண்டிலே இலங்கையின் தேசிய மலராகக் கொள்ளப்பட்டது நீலோற்பலமே. அது பகலில் விரிவது. செவ்வல்லியும் வெள்ளல்லியும் இரவிலே விரிவன. விழா நடக்கும் வேளையை நோக்கி இவற்றுள் உரியதைத் தெரிக. இவற்றின் தண்டு காற்றுக்குழல் நிறைந்தது. குளத்திலிருந்து எடுத்த மாத்திரத்தே வாளி நீரில் இட்டே கொண்டுவருதல் வேண்டும்.

உலர்வலயத்திலே உள்ள யாழ்ப்பாணம், வன்னி முதலிய இடங்களில் வெட்சி, நந்தியாவட்டை, போகன்வில்லா, சினியா என்பன எளிதில் வளரும். அந்தூரியமும் ஹெலிக்கோனியாவும் ஈரவலயத்திலே செழிப்பன. இல்லாத பூவைத் தேடியலையாது, உள்ள பூவின் இயல்பை அறிந்து ஆளுதலே அறிவுடைமை.

கொய்தலும் நீரூட்டலும்

விடியற்காலமே கொய்தற்குச் சிறந்த வேளை. இரவு முழுதும் வேர் குடித்த நீர் அப்பொழுது காம்பிலே நிறைந்திருக்கும். உச்சிவெயிலிற் கொய்த பூ தாகத்தோடு வந்த பூவாம்.

கொய்யும்பொழுது பாதியளவு நீருள்ள வாளியைக் கையோடு கொண்டுசெல்க. வெட்டுவாயிலே காற்றுப் புகுந்தால் அது குழாயை அடைத்து நீரேறாது தடுக்கும். ஆதலின் வீட்டுக்கு வந்தபின் காம்பை நீருக்குள்ளே பிடித்து ஓரங்குலம் மீண்டும் வெட்டுக. நீர்மட்டத்துக்குக் கீழே ஓரிலையும் நில்லாதபடி அகற்றுக. பாத்திரத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி நீரை நாடோறும் மாற்றுக. பூவைக் கொல்வது பெரும்பாலும் நீரின்மையன்று, அழுகிய நீரேயாம்.

இரண்டு விலக்குகளை மறவாதிருக்க. ஒன்று, அந்தூரியம், ஹெலிக்கோனியா, ஓர்க்கிட் முதலியவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வையாமை. வெப்பநாட்டுப் பூக்களாதலின் ஏறக்குறைய 13 பாகை செல்சியசுக்குக் கீழே அவை கருகும். மற்றையது, பழுத்த வாழைக்குலை, மாம்பழம் முதலியவற்றின் அருகே பூவை வையாமை. பழுக்கும் பழம் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடும். அது பூவையும் விரைந்து முதிரச்செய்யும். படையலுக்குரிய பழங்களையும் பூக்களையும் முதனாளிரவு ஒரே அறையில் அடைத்துவைத்துவிட்டு, காலையிலே பூ உதிர்ந்ததற்குத் தோட்டத்தை நோவது தகாது.

அமைத்தல்

பெரும்பொருள் கொடுத்துப் பாத்திரம் வாங்கவேண்டுவதில்லை. செம்பு, மண்குடம், சிரட்டை, தாம்பாளம் என்பனவே போதும். பூக்கடைகளிலே காம்பு குத்துதற்கென விற்கப்படும் பச்சைநிறக் கட்டி பிளாஸ்ரிக்கின் இனத்தது, மண்ணில் மக்காதது. அதற்கு ஈடாக நான்கங்குல நீளமுள்ள வாழைக்குற்றியைத் தட்டில் நிறுத்தி, ஈர்க்கினாலே துளையிட்டு, அத்துளைகளிலே காம்புகளைச் செருகுக. குற்றியின் ஈரமே ஒருநாள் விழாவுக்கு அமையும். வாழைக்கயர் ஆடையிற் பட்டாற் போகாதாதலின் குற்றியின் கீழ் இலையொன்று விரித்தல் வேண்டும்.

முதலிலே உயரத்தை வரையறுக்க. மிக நெடிய காம்பு பாத்திரத்தின் உயரத்திலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிருப்பது கண்ணுக்கு இசையும். பின்னர் அதிற் குறைந்தனவாய் இரண்டு காம்புகளை இருபுறமும் சாய்த்து வைக்க. பெரிதும் கருநிறமுமுடைய பூவை அடியிலும், சிறிதும் வெளிறியதுமான பூவை நுனியிலும் அமைக்க. குரோட்டன் இலையும் தென்னங்கீற்றும் பூவைத் தாங்குமளவே வருக, மறைக்குமளவு வாரற்க. எல்லா இடத்தையும் நிரப்பவேண்டும் என்னும் ஆசையை விடுக. பூவுக்கும் பூவுக்கும் இடையே வெளி இருந்தாலன்றி ஒரு பூவும் கண்ணிற் படாது.

வழிபாட்டுப் பூவும் அலங்காரப் பூவும்

இவ்விரண்டும் வேறு என்பதைப் பிள்ளைகள் தொடக்கத்திலேயே அறிதல் வேண்டும். வழிபாட்டுக்குரியது நீராடித் தூய்மையோடு எடுத்து, மோவாமலும் பூச்சியரித்தது கலவாமலும் தனிக்கூடையிற் சேர்ப்பது. கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி என்னும் நூல் இதனைக் குறித்தே எழுந்தது. மேசையிலே காட்சிக்கு வைத்த பூவைப் பின்னர்ப் பூசைக்கு எடுத்தல் முறையன்று. ஆதலின் கொய்யும்பொழுதே இரண்டாகப் பிரித்துக்கொள்க.

எச்சரிக்கையும் ஒன்றுண்டு. செவ்வலரி, வெள்ளலரி, மஞ்சளலரி என்னும் மூன்றும் இலை, பூ, விதை அனைத்தினும் நஞ்சுடையன. அவற்றின் காம்பு நின்ற நீரும் நஞ்சாம். சிறு பிள்ளைகளைக்கொண்டு அலரி கொய்வித்தலாகாது. கொய்தோர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. குவளை நீரைக் குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத இடத்திற் கொட்டுக.

பாடம் நடத்தும் முறை

இப்பாடம் மூன்று நாளில் முடிக்கத்தக்கது. முதனாள், பிள்ளைகள் தத்தம் வீட்டிலுள்ள பூக்களின் பெயரையும், நால்வகையுள் இன்னதென்பதையும், விரியும் வேளையையும் எழுதிவருக. மரத்தை ஒட்டி வளரும் ஓர்க்கிட் எவ்வகையின்பாற்படும் என்று ஒரு பிள்ளை வினாவுமாயின், விடையை உடனே கூறாது வகுப்பை வாதிக்க விடுக. இரண்டாம் நாள், ஒரே செடியின் சினியாக்களுள் இரண்டை விடியலிலே கொய்து உடனே நீரிலும், இரண்டை விடியலிலே கொய்து ஒரு மணிநேரம் வெளியிற் கிடத்தி நீரிலும், இரண்டை நண்பகலிலே கொய்து நீரிலும் வைத்து, எவை எந்நாளில் வாடினவென்று பிள்ளைகளே குறித்துவருக. வெண்ணிறச் சம்பங்கித் தண்டு ஒன்றை நீலச்சாயம் கலந்த நீரில் நிறுத்தினால், நீர் பூவரைக்கும் ஏறுவதைக் கண்ணாலே காணலாம். மூன்றாம் நாள், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூவையே கொண்டு ஒரு செம்பு அமைக்குக.

அந்நாளிலே பொருளுடைய பிள்ளை, பொருளில்லாத பிள்ளை என்னும் வேற்றுமை வகுப்பிலே தோன்றாது. வேலிப்பூவைக் கொண்டுவந்த பிள்ளை அதன் பருவமும் வகையுஞ் சொல்லி நிமிர்ந்து நிற்கும். ஆண்டுதோறும் வாணிவிழாவுக்குக் காசு கேட்பதற்கு முன் இப்பாடத்தை ஒருமுறை நடத்துக என ஆசிரியர்களை வேண்டுகின்றோம்.

தேர்ச்சி வினாக்கள்

1. பூவின் ஏழு பருவங்களும் எவை? மல்லிகை, சினியா, அந்தூரியம் என்பவற்றை எவ்வெப் பருவத்திற் கொய்தல் வேண்டும்?

2. செவ்வரத்தையை நீரில் வைப்பதனாற் பயனில்லை என்பது ஏன்?

3. காம்பை நீருக்குள்ளே வைத்து வெட்டுவதற்குக் காரணம் யாது?

4. பூவைப் பழுத்த பழத்தின் அருகே வைத்தலாகாமைக்குக் காரணம் கூறுக.

5. மாலை 7 மணிக்கு நடக்கும் விழாவுக்கு உன் வீட்டிலும் அயலிலும் உள்ள பூக்களுள் எவற்றைத் தெரிவாய்? ஒவ்வொன்றையும் எப்பொழுது கொய்வாய்?

6. அலரி நின்ற நீரை எவ்வாறு அகற்றுதல் வேண்டும்?