தருமி, சிவன், நக்கீரர்: மூன்று முறை பார்த்த ஒரு காட்சி



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு திரைப்படத்தை எடுத்திருக்கிறேன். 1965-இல் வெளிவந்த "திருவிளையாடல்". "இதைத்தான் ஒவ்வொரு தீபாவளிக்கும் பார்க்கிறோமே, இதில் படிக்க என்ன இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரே காட்சி மூன்று வயதில் எனக்கு மூன்று பாடம் சொன்னது.

படத்தைப் பற்றி

ஏ.பி. நாகராஜன் எழுதி இயக்கிய படம். சிவபெருமானாக சிவாஜி கணேசன், பார்வதியாக சாவித்திரி. பழம் கிடைக்காத கோபத்தில் பழனிக்குப் போய்விட்ட முருகனிடம், அன்னை பார்வதி நான்கு கதைகளைச் சொல்கிறார். அவற்றில் மூன்று, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 படலங்களில் வருபவை: தருமிக்குப் பொற்கிழி அளித்தது, வலை வீசியது, விறகு விற்றது. இன்னொன்று தட்சன் வேள்விக் கதை.

நாம் இன்று தருமி கதையை மட்டும் பார்ப்போம். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம். அதைத் தீர்க்கும் பாடலுக்கு ஆயிரம் பொன் பரிசு. ஏழைப் புலவர் தருமிக்குச் சிவபெருமானே புலவர் வேடத்தில் வந்து பாட்டு எழுதிக் கொடுக்கிறார். தருமி அதைத் தன் பாட்டாகச் சபையில் வாசிக்க, நக்கீரர் எழுந்து பிழை சொல்கிறார். பிறகு சிவனே சபைக்கு வந்து வாதாடுகிறார். நெற்றிக்கண் திறந்தும் நக்கீரர் தன் சொல்லை மாற்றவில்லை.

முதல் முறை: தருமி

சின்ன வயதில் எனக்கு நாகேஷ் மட்டும்தான் தெரிந்தார். கோயிலில் தனியாகப் புலம்புவது, வந்திருப்பது யார் என்று தெரியாமல் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்கப் பார்ப்பது எல்லாம் பார்த்து, பாட்டி மடியில் உருண்டு சிரிப்பேன். நக்கீரர் வந்தால் கோபம் வரும். பாவம், அந்த மனுஷனுக்குப் பணத்தைக் கொடுத்தால் என்ன?

இரண்டாம் முறை: சிவன்

ஐந்தாம் படிவத்தில் பார்த்தபோது என் கண் சிவாஜி மேல் போனது. அப்போது திருமுறை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். "சாமி எழுதிய பாட்டிலேயே குற்றம் கண்டுபிடிக்கிறாரே, இவ்வளவு ஆணவமா?" என்றுதான் தோன்றியது. நெருப்பு வந்தபோது, நல்லா வேணும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் முறை: நக்கீரர்

போன செமஸ்டர் எனக்கு உத்திரம் வளைவதை அளக்கும் ஒரு லேப். நேரம் இல்லை என்று சீனியர் ஒருவரின் கணக்குத் தாளை வாங்கி, எங்கள் எண்களை மட்டும் மாற்றிப் போட்டேன். ஓர் எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். அவருடைய உத்திரத்தின் தடிமன் 6 மில்லிமீட்டர், எங்களுடையது 5. அந்தக் கணக்கில் தடிமனின் மும்மடி வரும். அதனால் 1 மில்லிமீட்டர் தவறிலேயே வளைவு சுமார் 42 சதவீதம் குறைவாக வந்துவிட்டது.

விரிவுரையாளர் திட்டவில்லை. "இந்த 6 எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "தவறுக்கு ஏற்ற மாதிரி மார்க்கைக் குறைச்சுக்கோங்க சார்" என்றேன்.

அன்று இரவு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே என்று யோசித்தேன். பிழைக்கு ஏற்றபடி பரிசைக் குறைத்துக்கொள்ளச் சொல்லித் தருமி கெஞ்சுவாரே, அதேதான்! மறுபடி படத்தைப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. இறைவன் எழுதிய பாட்டாகவே இருந்தாலும், நாம் எழுதாததை நம்மால் காப்பாற்ற முடியாது. சபையில் தருமியின் சிக்கல் பிழை மட்டும் இல்லை. அந்தப் பாட்டு அவருடையது இல்லை என்பதுதான்.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். புதிதாகச் செய்துகொடுத்தேன். மார்க் குறைந்தது. ஆனால் இப்போது அந்தக் கணக்கில் எந்த வரியைக் கேட்டாலும் பதில் சொல்வேன்.

பாட்டு என்ன சொல்கிறது?

தருமி வாசித்த பாட்டு குறுந்தொகையின் இரண்டாம் பாடல். பாடியவர் பெயர் இறையனார். அதைத் தேடிப் படித்தபோதுதான் ஆச்சரியம். தலைவன் ஒரு வண்டிடம் கேட்கிறான்: எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் சொல்லாமல், நீ உண்மையில் கண்டதைச் சொல் என்று.

நக்கீரர் சபையில் செய்தது அதுதானே? மன்னனுக்குப் பிடித்ததையும் சொல்லவில்லை, இறைவனுக்குப் பிடித்ததையும் சொல்லவில்லை. தான் சரி என்று கண்டதைச் சொன்னார். இன்னொரு விஷயம் பார்த்தீங்களா? படத்தில் நக்கீரராக நடித்தவர் ஏ.பி. நாகராஜனேதான். சிவனுக்கு வசனம் எழுதியவரே, எதிரில் நின்று பிழை சொல்லும் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டார்.

கேள்வி கேட்டதற்காக நக்கீரரை நம் சமயம் தள்ளிவிடவில்லை. புராணத்தில் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவரை இறைவனே கரையேற்றுகிறார். நக்கீரதேவ நாயனார் பெயரில் உள்ள நூல்கள் பதினோராம் திருமுறையில் இடம்பெற்றிருக்கின்றன. கேள்வி கேட்ட அதே வாய்தான் பிறகு பணிந்து பாடவும் செய்தது. கேள்வியும் பக்தியும் ஒரே மனதில் இருக்கலாம் என்பதுதான் நான் மூன்றாம் முறை கற்றது.

குழுவாகப் பேசுவோம்

படத்தின் இந்தப் பகுதியை மட்டும் சேர்ந்து பார்த்துவிட்டு, இவற்றைப் பேசுங்கள்:

1. இப்போது உங்கள் மனம் யார் பக்கம் நிற்கிறது? சின்ன வயதில் யார் பக்கம் நின்றது?
2. கடைசியில் பரிசு தருமிக்கே கிடைக்கிறது. அது நியாயமா, கருணையா?
3. பெரியவர் ஒருவர் சொன்னது தவறு என்று தோன்றினால், மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வீர்கள்?
4. இந்த மாதம் உங்கள் பெயரில் கொடுத்த வேலையில், யாராவது கேட்டால் விளக்க முடியாத வரி ஏதாவது இருக்கிறதா?

நாலாவது கேள்விக்குப் பதிலைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். அடுத்த தீபாவளிக்கு இந்தப் படத்தைப் பார்க்கும்போது, தருமியைக் கண்டு சிரிப்பதற்கு முன் ஒரு நொடி யோசிப்பீர்கள். நான் யோசிக்கிறேன்.