முன்முடிவு இல்லாமல் கேட்க முடியுமா?

கேள்வி: நோயாளிகளின் அனுபவத்தை ஆராய்பவர் தம் முன்முடிவுகளை முழுக்க ஒதுக்கிவிட்டுத்தானே கேட்க வேண்டும்?

பதில்: அப்படிக் கேட்கவே முடியாது என்கிறார் ஜெர்மன் தத்துவவாதி ஹான்ஸ்-கியோர்க் காடமர். மரபும் காலமும் நமக்குத் தந்த பார்வை எல்லைக்குள் நின்றுதான் எதையும் புரிந்துகொள்ளத் தொடங்குகிறோம் என்று 1960இல் வெளிவந்த ‘உண்மையும் முறையும்’ நூலில் விளக்கினார். முன்முடிவு நமக்கே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

தீராத வலியோடு வாழ்பவரிடம் செவிலியர் ஒருவர் வலியின் அளவைக் கேட்கிறார். நோயாளியோ பிள்ளையைத் தூக்க முடியாமல் போனதைச் சொல்கிறார். அந்த இடத்தில் செவிலியரின் கேள்வியே மாற வேண்டும். இருவர் பார்வையும் கலந்து பிறக்கும் புரிதலையே காடமர் பெரிதாக மதித்தார். செவிலியர் ஆய்வுகளில் அவர் பெயர் அடிக்கடி வருவது இதனால்தான். ஆகவே, ஆய்வுப் பேட்டிக்கு முன் உங்கள் எதிர்பார்ப்புகளை எழுதிவையுங்கள். முடிந்தபின் எவை நிற்கவில்லை என்று பாருங்கள்.