மோட்டார் வண்டியின் முன்பாரமும் பின்பாரமும்

பாரவண்டி ஓட்டிப் பழகியவர்கள் மூட்டை ஏற்றும்பொழுது முதலில் கவனிப்பது முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டையே. மூட்டைகள் முன்னே மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். பாரத்தை இவ்விரண்டுக்கும் நடுவே நிறுத்திய பின்னரே வண்டி புறப்படும். இவ்விதி மோட்டார் வண்டிக்கும் உரியதே. ஆயின் அங்கே வருந்திக் காட்டுதற்கு மாடு இல்லை. பாரம் தவறிய குற்றம், வண்டி நிற்கும்பொழுதும் நேர்ச்சாலையில் செல்லும்பொழுதும் மறைந்திருந்து, வளைவிலே திடீரென வெளிப்படும். அஃது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், சிலர் அதனையே ஒரு வித்தையாகப் பயில்வது எங்ஙனம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மோட்டார் வண்டி எவ்வளவு பெரிதாயினும் அது தரையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினது. வண்டியை முன்னே செலுத்துவதும், நிறுத்துவதும், திருப்புவதும் ஆகிய யாவும் அந்நான்கு உள்ளங்கைகளின் உராய்வினாலேயே நடைபெறுகின்றன. வளைவில் செல்லும் வண்டி, தன் இயல்பால் நேரே ஓடிவிடவே முயலும். அதனை வளைந்த பாதையில் பிடித்து நிறுத்துவது டயர்களின் பக்கப் பிடிப்பு. எவ்வளவு பிடிப்பு வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் வண்டிக்கு, அதன் எடையில் 10இல் 4 பங்கு பக்கப் பிடிப்புப் போதும். அதே வளைவில் 50 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்தால் 10இல் 8 பங்கு வேண்டும். உலர்ந்த சாலையில் சாதாரண டயர்களின் எல்லை ஏறத்தாழ அதுவே. மழை பெய்த சாலையில் அந்த எல்லை இன்னும் தாழ்ந்துவிடும்.

இனி, பாரம் எங்கே வந்து சேர்கிறது என்று காண்போம். உராய்வு, பாரத்திற்கு நேர் விகிதத்தில் வளரும் என்று பௌதிக நூலின் முதற்பாடம் கற்பிக்கிறது. ரப்பர் இப்பாடத்தை முற்றிலும் பின்பற்றுவதில்லை. டயரின்மேல் அழுத்தும் பாரம் இரட்டித்தால் அதன் பிடிப்பு வளரும், ஆனால் இரட்டிக்காது. ஆதலின் முன்னும் பின்னும் ஒரே வகை டயர்கள் பூட்டிய வண்டியில், பாரம் மிகுந்த முனைக்கு வேண்டிய பிடிப்பு மிகுதி. கிடைக்கும் பிடிப்போ அந்த விகிதத்திற்குக் குறைவு. வேகம் எல்லையை நெருங்கும்பொழுது முதலில் கைவிடுவது கனத்த முனையே. எஞ்சின் முன்னே அமைந்து மூக்கு கனத்த வண்டி, சுக்கானைத் திருப்பியும் போதிய அளவு திரும்பாமல் வளைவின் வெளிப்புறம் நோக்கி விலகும். எஞ்சின் பின்னே அமைந்து வால் கனத்த வண்டியில் பின்சக்கரங்கள் வெளியே வழுக்கி, வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ள முற்படும். முதல்வகைக் குற்றத்தை ஓட்டுநர் எளிதில் உணர்ந்து வேகத்தைக் குறைத்துத் திருத்திக்கொள்ளலாம். இரண்டாம் வகை, அவன் உணருமுன்னே முற்றிவிடும்.

இது நிற்க. ஓடும் வண்டியில் பாரம் ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. மூட்டையும் எஞ்சினும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆயினும் அவை சக்கரங்களின்மேல் அழுத்தும் அளவு கணந்தோறும் மாறுகிறது. 1000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றைக் கருதுவோம். அதன் பாரமையம் தரையிலிருந்து 50 செண்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 250 செண்டிமீட்டர். நிற்கும்பொழுது முன்னே 500, பின்னே 500 கிலோ என்க. புவியீர்ப்பில் 10இல் 8 பங்கு அளவுக்குப் பிரேக்கை அழுத்தினால், பின்னிருந்து முன்னே பெயரும் பாரம் 1000 × 0.8 × 50 ÷ 250, அதாவது 160 கிலோ. இப்பொழுது முன்னே 660, பின்னே 340. சமபாரமாய் இருந்த வண்டி ஒரு மிதியில் முன்பார வண்டியாகி, அதன் பின்சக்கரங்கள் தரையை இலேசாகத் தொட்டுக்கொண்டு செல்கின்றன. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இதற்கு மாறாகப் பாரம் பின்னே சாயும். வளைவில் திரும்பினால் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் பெயரும்.

இக்கணக்கிலிருந்து ஒரு முக்கியமான உண்மை வெளிப்படுகிறது. வளைவின் நடுவே வண்டி விலகுவது கண்டு அஞ்சும் ஓட்டுநர் இயல்பாகச் செய்வது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதும் பிரேக்கை மிதிப்பதுமே. அக்கணமே பாரம் முன்னே பாய்ந்து, பின்சக்கரங்கள் பிடிப்பிழக்கின்றன. மூக்கு கனத்த வண்டியில் இது பெரும்பாலும் அளவோடு நின்று, வண்டி மீண்டும் வளைவுக்குள் திரும்ப உதவும். வால் கனத்த வண்டியிலோ, பெரும் பிடிப்பை வேண்டி நிற்கும் பின்முனையிடமிருந்து, வேண்டிய வேளையிலேயே பிடிப்பைப் பறித்ததாகும். அச்சம் கற்பிக்கும் செயலே அபாயத்தை வருவிக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அமெரிக்காவில் செவர்லே நிறுவனம் 1960ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட கார்வேர் என்னும் வண்டியின் வரலாறே சான்று. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னே இருந்தது. எடையில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் பின்சக்கரங்களையே சார்ந்தது. மேலும் அதன் பின் அச்சின் இரு பாதிகளும் நடுவிலே மூட்டப்பெற்று, சிறகுபோல் மேலும் கீழும் அசைவன. கடும் வளைவில் வண்டியின் உடல் எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடிந்து, பிடிப்பு மேலும் குறையும். இக்குறையை ஈடுசெய்ய அந்நிறுவனம் வகுத்த உபாயம், முன் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 ராத்தலும் பின் டயர்களில் 26 ராத்தலுமாகக் காற்று நிரப்புவது. முன் டயர்களைத் தளர்த்தி அவற்றின் பிடிப்பைத் தணித்தால், பின்முனை முந்திக்கொண்டு வழுக்காது என்பது கருத்து. கருத்து சரியானதே. ஆனால் நான்கு டயர்களுக்கும் ஒரே அளவு காற்று அடிப்பதே எங்கும் வழக்கம். காற்றுக்குழாயைப் பிடித்த ஒருவர் அறியாமல் வழக்கப்படி நிரப்பினால், பொறிஞர் வகுத்த சமநிலை அப்பொழுதே அழிந்துவிடும்.

1965ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் வழக்கறிஞர், எந்த வேகத்திலும் அபாயம் என்று பொருள்படும் தலைப்புடன் ஒரு நூல் வெளியிட்டார். அதன் முதல் அதிகாரம் கார்வேரைப் பற்றியது. மறு ஆண்டே அந்நாட்டில் மோட்டார் வண்டிகளின் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அரசாங்கம் நடத்திய பரிசோதனைகளின் அறிக்கை 1972இல் வந்தது. 1960 முதல் 1963 வரை செய்யப்பட்ட கார்வேர்கள் அக்காலத்து மற்ற வண்டிகளைவிடத் தாழ்ந்தவை அல்ல என்று அது கூறியது. இரு பக்கத்தையும் நடுநிலையோடு நோக்கும் மாணவன் ஒன்றை மறத்தலாகாது. நிறுவனமே 1964இல் பின்புறத்தில் ஒரு வில்லைச் சேர்த்தது; 1965இல் பின் அச்சமைப்பையே மாற்றியது. எஞ்சின் இருந்த இடம் மாறவில்லை. பாரத்தைத் தாங்கும் முறை மாறியது.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனமும் இதே சிக்கலை எதிர்ப்பட்டது. 1963இல் அறிமுகமான 911 என்னும் அதன் வண்டியிலும் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னே அமைந்தது. 1969ஆம் ஆண்டு மாதிரியில் பொறிஞர்கள் எஞ்சினை நகர்த்தாமல், பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னே தள்ளி வைத்தனர். ஒரு பெரிய மின்கலத்துக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றை முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் இருத்தினர். மூன்று விரற்கடை இடமாற்றம் வண்டியின் குணத்தைச் செம்மையாக்கியது. பாரவண்டிக்காரர் ஒரு மூட்டையை முன்னே நகர்த்துவதும் இதுவும் ஒன்றே.

இவ்வாறு பொறிஞர் அடக்க முயலும் சறுக்கலை, வேண்டுமென்றே வருவித்து ஆளும் வித்தையே டிரிஃப்ட் எனப்படுவது. பழைய பந்தயங்களிலும் சறுக்கி ஓட்டும் திறன் உண்டு. எனினும் இன்று அப்பெயர் பெற்ற கலை ஜப்பானில் வளர்ந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் புகழ்பெற்றுப் பின்னர்க் கார் பந்தயத்துக்கு வந்த குனிமிட்சு தகஹாஷி, 1970ஆம் ஆண்டுகளில் வளைவுகளைச் சறுக்கியே கடந்தார். அவரைக் கண்டு ஊக்கம் பெற்ற கெய்ச்சி சுச்சியா, மலைப்பாதைகளில் பயின்று அம்முறையைப் பரப்பினார். அவர் பெயரோடு இணைந்தது, 1983 முதல் 1987 வரை டொயோட்டா செய்த ஏஇ86 என்னும் இலேசான சிறு வண்டி.

அவ்வித்தையின் படிகளைப் பாரக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவை நெருங்கும்பொழுது பிரேக்கை மிதித்துப் பாரத்தை முன்னே வரவழைக்கிறார். இலேசான பின்முனை, சுக்கான் திரும்பியதும் வெளியே வழுக்குகிறது. உடனே முன்சக்கரங்களை வழுக்கும் திசை நோக்கி எதிராகத் திருப்புகிறார். பின்னர் ஆக்ஸிலரேட்டரை அளவோடு அழுத்திப் பின்சக்கரங்களைச் சுழலச் செய்து, சறுக்கல் மிகாமலும் நிற்காமலும் காக்கிறார். எஞ்சின் முன்னேயும் இயக்கம் பின்சக்கரங்களுக்கும் அமைந்து, இரு முனைகளிலும் பாரம் ஏறத்தாழ ஒத்திருக்கும் வண்டி இதற்கு ஏற்றது. அதன் சறுக்கல் படிப்படியாக வளர்ந்து, திருத்த அவகாசம் தருகிறது. வால் மிகக் கனத்த வண்டியோ ஊசற்குண்டுபோல் ஆடி, அந்த அவகாசத்தைத் தர மறுக்கும். விபத்திலே சிக்கியவனுக்கும் இவ்வித்தையில் வல்லவனுக்கும் நிகழும் சறுக்கல் ஒன்றே. ஒருவன் பாரம் எங்கே சென்றது என்று அறியான். மற்றவன் அதனை அனுப்பியதே தான் என்று அறிவான். ஆயினும் இது அடைத்த களத்துக்கு உரியதேயன்றி மக்கள் நடமாடும் சாலைக்கு உரியதன்று.

நாம் யாவரும் பந்தயம் ஓடப் போவதில்லை. ஆனால் விடுமுறைக்குப் புறப்படும் குடும்பம் கூரைமேல் 100 கிலோ சாமான் கட்டுகிறது. தரையிலிருந்து அதன் உயரம் 160 செண்டிமீட்டர் என்க. மேற்சொன்ன வண்டியின் பாரமையம் 50இலிருந்து 60 செண்டிமீட்டருக்கு உயரும். சக்கரங்களின் பக்க இடைத்தூரம் 150 செண்டிமீட்டரானால், 10இல் 6 பங்கு விசையோடு வளையும்பொழுது வெளிப்பக்கத்துக்குப் பெயரும் பாரம், முன்பு 200 கிலோ. இப்பொழுது 264 கிலோ. எடை 10இல் ஒரு பங்கே கூடியது. பெயரும் பாரமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியது. ஆதலின் கனத்த பொருளைத் தாழ்வாகவும் இரு அச்சுகளுக்கும் நடுவிலும் வைத்தல் வேண்டும். முன்னும் பின்னும் குறித்த அளவுப்படியே காற்று நிரப்புதல் வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்னே நேர்ச்சாலையிலேயே குறைத்து, வளைவினுள் காலைச் சீராக வைத்தல் வேண்டும். இம்மூன்றும் செலவில்லாதவை. வண்டியில் அமர்ந்திருப்போரின் உயிர் இவற்றையே நம்பியிருத்தலால், ஓட்டுவோர் மட்டுமன்றிச் சாமான் ஏற்றுவோரும் இவற்றை அறிந்து நடப்பாராக.