எந்தப் பவுண்டு?

நம்ம சங்கரன்கோவிலில் பவுண்டு இன்னும் சாகவில்லை நண்பர்களே! டயர் கடையில் "அண்ணாச்சி, 30 பவுண்டு காத்து" என்கிறோம். விசைத்தறிக்கு வரும் 40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜச் சிட்டம் 40 சேர்ந்து 1 பவுண்டு. இரண்டும் ஒரே பவுண்டு இல்லை.

நூலில் இருப்பது நிறை, 0.4536 கிலோ. காற்றில் இருப்பது விசை: சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. அந்த ஒரு பவுண்டு விசை 4.448 நியூட்டன், ஒரு சதுர அங்குலம் 0.000645 சதுர மீட்டர். பெருக்கி வகுத்தால் சுமார் 207 கிலோ பாஸ்கல்.

மார்க் போவது 'விசை = நிறை × முடுக்கம்' போடும்போதுதான். நிறையைப் பவுண்டிலேயே போட்டால் விடை பவுண்டலில் வரும், 32.2 பவுண்டல்தான் 1 பவுண்டு விசை. நேரே பவுண்டு விசை வேணும்னா, நிறையை முதலில் 32.2-ஆல் வகுத்து ஸ்லக் ஆக்கணும். (பேரைப் பார்த்துச் சிரிக்காதீங்க, உருப்படியான அலகு!) 161 பவுண்டு ஆள், 5 ஸ்லக்.

1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டருக்கு ஒரு மென்பொருள் பவுண்டு விசை-விநாடியில் கணக்குக் கொடுத்தது. அடுத்தது அதை நியூட்டன்-விநாடி என்றே எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். செவ்வாயை எட்டிய அன்றே கலம் தொலைந்தது.

இப்போ நீங்க போடுங்க: 64.4 பவுண்டு நிறைக்கு விநாடிக்கு விநாடி 5 அடி முடுக்கம் தர எத்தனை பவுண்டு விசை? 322 என்று வந்தால் அது பவுண்டல்.