வெள்ள வாய்க்கால் எங்கே போகிறது?

இம்முறை எமது பாடம் நீரைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் வாழ்ந்த எமக்கு மழைதான் வரவு, கிணறுதான் வங்கி. அந்த வங்கி கெட்டால் என்னவாகும் என்பதைச் சுன்னாகம் காட்டியது. மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்ததால், சுற்றுவட்டாரக் கிணறுகள் பல குடிக்க உதவாமற் போயின. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. பணம் வரலாம், கெட்ட கிணறு அதே வேகத்தில் திரும்பி வராது.

யுத்தத்தால் ஊரை விட்டு வந்து வளைகுடாவில் வாழும் எமக்கு இன்று கிணறு எது? கடல்தான். டுபாய்க் குழாய்களில் வரும் நீரில் மிகப் பெரும்பங்கு, ஜெபல் அலி போன்ற இடங்களில் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிப் பெறப்படுவதே. ஆகவே இங்கும் கிணற்றைக் காக்கும் கடமை எமக்கு உண்டு.

1. வாய்க்கால்கள் இரண்டு

குளியலறை, சமையலறை நீர் கழிவுநீர்க் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. தெருவோரத்தில் இரும்புக் கம்பி மூடியுடன் இருப்பது வேறு. அது மழைநீர் வடிகால், எமது ஊர் வழக்கில் வெள்ள வாய்க்கால். அதில் விழுவது பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாமலே கிரீக்கையோ கடலையோ சென்றடைகிறது. "வாய்க்காலில் ஊற்றினால் அரசாங்கம் சுத்தம் செய்யும்" என்று எண்ணுவது தவறு.

2. முதல் மழையே அழுக்கு மழை

இங்கு ஆண்டில் சில நாட்களே மழை. மற்ற நாட்களில் தெருவில் சிந்திய என்ஜின் எண்ணெய், ரயர் தேய்ந்த தூள், சவர்க்காரம், சிகரெட் துண்டு எல்லாம் அங்கேயே தங்குகின்றன. ஊரில் அடிக்கடி பெய்யும் மழை சிறிது சிறிதாகக் கழுவும். இங்கோ பல மாத நிலுவை முழுவதையும் ஒரே மழை ஒரே நாளில் கடலின் கணக்கில் எழுதிவிடுகிறது.

2024 ஏப்ரல் 16ஆம் திகதியை எவரும் மறந்திருக்கமாட்டோம். அல் ஐன் பகுதியின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணித்தியாலத்துக்குள் 254.8 மில்லிமீற்றர் மழை பெய்தது. 1949இல் பதிவுகள் தொடங்கியபின் இந்நாட்டில் இதுவே மிக அதிகம். டுபாயிலும் சார்ஜாவிலும் பல தெருக்களில் நாட்கணக்கில் வெள்ளம் நின்றது. அதே ஆண்டு ஜூனில் 'தஸ்ரீஃப்' என்னும் 3,000 கோடி திர்ஹம் வடிகால் திட்டத்தை டுபாய் அறிவித்தது. 2033இல் அதை நிறைவு செய்வது நோக்கம். நல்ல செய்தியே. ஆனால் பெரிய குழாய் வெள்ளத்தை விரைவாகக் கொண்டுபோகுமே தவிர, தெருவின் அழுக்கைத் தானாக நீக்கிவிடாது.

3. இந்தக் கடல் சிறியது

வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீற்றர்தான். ஹோர்முஸ் என்ற ஒரே ஒரு வாசலால் அது வெளிக்கடலோடு சேர்கிறது. நீர் மாறிப் புதிதாக ஆண்டுகள் செல்லும். 2008-2009இல் இக்கடலிலும் ஓமான் வளைகுடாவிலும் செந்நிறப் பாசி பெருகியது. மீன்கள் செத்து மிதந்தன. உப்பு நீக்கும் நிலையங்கள் சில மூட வேண்டியதாயிற்று. இத்தகைய பெருக்கத்துக்குக் காரணங்கள் பல. தரையிலிருந்து சேரும் உரமும் கழிவும் பாசிக்கு உணவாகும் என்பதும் அவற்றில் ஒன்று. டுபாய் கிரீக்கின் முடிவில் உள்ள ராஸ் அல் கோர் 2007இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மன்னாரில் வந்திறங்கும் அதே இனப் பூநாரைகள் அங்கும் இரை தேடுகின்றன.

4. நாம் செய்யக்கூடியவை

- பலகாரம் சுட்ட எண்ணெயை ஆறவிட்டுப் போத்தலில் அடைத்துக் குப்பைத் தொட்டியில் இடுவோம். வாய்க்காலிலும் வேண்டாம், சிங்க்கிலும் வேண்டாம்.
- குத்துவிளக்கின் மிச்ச எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துவிட்டுப் பின் விளக்கைக் கழுவுவோம்.
- நிர்மாலியப் பூக்களைக் கிரீக்கில் விடாமல் பூச்சாடிச் செடிகளின் அடியில் இடுவோம். ஊரிலும் மரத்தடியில்தானே இட்டோம்!
- காரைக் கழுவும் காவலாளித் தம்பியிடம், வாளி நீரைத் தெருவில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றும்படி அன்பாகச் சொல்வோம்.
- எண்ணெய் ஒழுகும் வாகனத்தை மழைக்காலத்துக்கு முன்பே திருத்துவோம்.

குடும்பமாகச் சிந்திக்க

உங்கள் கட்டடத்துக்கு அருகில் உள்ள வெள்ள வாய்க்கால் எங்கே இருக்கிறது? அதன் வாயில் இன்று என்ன கிடக்கிறது? பிள்ளைகளையே பார்த்து வரச் சொல்லுங்கள். கிணற்றடியில் செருப்புடன் ஏறாதே என்று எம்மைப் பெற்றோர் தடுத்தார்கள். கிணற்றடியே கண்டிராத எம் பிள்ளைகளுக்கு அந்த மரியாதையைத் தெருவோர வாய்க்காலில் தொடங்கிச் சொல்லிக் கொடுப்போமாக.