ஜே, கே, பி, ஓ, செமி

போடிமெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் பேசியதில் பாதி எனக்கு வந்து சேரவில்லை. மெட்டு சிக்னல் உனக்குத் தெரியாததா? வாசலில் கிடைத்தால் அடுப்படியில் கிடைக்காது. காதில் விழுந்தவரை, நீ கேட்டது இதுதான்: கல்லூரி நூலகத்தில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, பார்வையில்லாத பையன் ஒருவன் முதலாண்டுக்கு வந்திருக்கிறான், அவனுக்குக் கணினியும் மின்னூல்களும் சொல்லிக்கொடுக்க நீ முதலில் எந்தப் பயிற்சியில் சேர வேண்டும்?

பயிற்சிக்குப் பிறகு வருகிறேன். முதலில் நான் அசடு வழிந்த கதையைக் கேள்.

பணியில் இருந்தபோது பழைய வினாத்தாள்கள், பாடக்குறிப்புகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து நூலகக் கணினியில் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் பாமினி எழுத்துருவில். பார்க்க அச்சடித்த மாதிரி இருக்கும். எனக்கு அதில் பெருமை வேறு. ஒருநாள் பார்வையில்லாத மாணவி ஒருத்தி அதைத் திறந்தாள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். இரண்டு நிமிடம் கேட்டவள், ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "மேடம், நீங்களே கேளுங்க." அவள் அம்புக்குறியைத் தட்டத் தட்ட, 'தமிழ்' என்று நான் அடித்திருந்த இடத்தில் அது சொன்னது: ஜே, கே, பி, ஓ, செமி. அரைப்புள்ளியை அது அப்படித்தான் சொல்லும்.

பாமினியில் உன் கண்ணுக்குத் 'த' என்று தெரிவது, உள்ளே வெறும் ஆங்கில ஜே. எழுத்துரு மேலே போட்ட வேஷம். கண் வேஷத்தைப் பார்க்கிறது, திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. யூனிகோடில் அடித்தால்தான் உள்ளேயும் 'த' இருக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. ஆனால் உன் நூலகக் கணினியில் பழைய கோப்புறைகளைத் திறந்து பார், எனக்கு மாதிரி உனக்கும் வேலை காத்திருக்கும்.

அந்தப் பெண் நீட்டிய ஹெட்போன்தான் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி. நம் தொழிலின் மூத்தவரும் இப்படித்தான் கற்றார். எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் நாற்காலியில் உட்கார்ந்தவர், சில நாளிலேயே சலித்துப்போய், மாநிலக் கல்லூரிக்கே திரும்ப வந்துவிடுகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் சலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனவர் வகுப்பறையோடு நிற்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். நூல்களை வகைப்படுத்த அவர் வகுத்த கோலன் பகுப்புமுறைக்கான பொறி அவருக்குத் தட்டியது ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோது. 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நீயும் நானும் உருப்போட்டுத் தேர்வு எழுதினோம். அந்த ஊர்சுற்றலைப் பாடத்திட்டத்தில் யாரும் வைக்கவில்லை.

ஆகையால் திங்கட்கிழமை காலை இதைச் செய். என்விடிஏவை இறக்கிக்கொள், காசு கிடையாது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேமி தே என்ற பார்வையற்றவர்கள் இருவர் உருவாக்கி வளர்த்தது அது. திரையை இருட்டாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, மவுஸைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, உன் நூலகப் பட்டியலில் ஒரே ஒரு புத்தகத்தைத் தேடு. பிறகு கல்லூரிகளுக்கு மின்னூல்களும் மின்னிதழ்களும் தரும் என்-லிஸ்ட்டில் நுழைந்து ஒரு கட்டுரையைத் திற. முதல் தடவை எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று, கட்டுரையும் கிடைக்கவில்லை. எங்கெங்கே சிக்கினாய் என்று எழுதி வை. அந்தப் பையனுக்கு நீ நடத்தப்போகும் முதல் வகுப்பின் பாடம் அந்தத் தாள்தான்.

சில இடங்களில் கட்டாயம் சிக்குவாய். தலைப்பைத் தடித்த எழுத்தில் பெரிதாக்கி விட்டால் தலைப்பாகிவிட்டது என்று நினைக்கிறோம். காதுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். வேர்டில் தலைப்புப் பாணியைக் கொடுத்திருந்தால், என்விடிஏவின் உலாவு முறையில் ஹெச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். இல்லையென்றால் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். அடுத்து, ஸ்கேன் செய்த பிடிஎஃப். அது புத்தகம் இல்லை, புத்தகத்தின் போட்டோ. திரைவாசிப்பான் அங்கே வாய் திறக்காது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துப் பார். எழுத்து தனியாகப் பிடிபடவில்லை என்றால் போட்டோதான். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழும் பெரும்பாலும் எழுத்தாகிவிடும். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும். உட்கார்ந்து திருத்த வேண்டும். அலுப்பான வேலைதான். சங்க இலக்கியம் என்றால் அந்த அலுப்பு இல்லை: 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஆர்வலர்கள் எழுத்தாகவே ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இப்படிப் புத்தகத்தை எழுத்தாக மாற்றுவது பதிப்புரிமைக்கு விரோதமில்லையா என்று அலுவலகத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். பயப்படாதே. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்க ஏற்ற வடிவில் லாபநோக்கு இல்லாமல் மாற்றிக்கொடுக்க இடம் தருகிறது. இதையே உலக அளவில் பேசும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. மாற்றுவதற்கு முன்னால் சுகம்ய புஸ்தகாலயாவில் தேடிப் பார். 2016இல் தொடங்கிய இணைய நூலகம், வேறு யாராவது ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கலாம். அதே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களைச் சொல்கிறது, அரசுக் கல்லூரியிலும் உதவிபெறும் கல்லூரியிலும் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. இந்தப் பையனோடு முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். காது கேளாத பிள்ளை வந்தால் நீ காட்டும் வீடியோவுக்கு வசனம் ஓடவேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கும் இதே வாசிப்பான் உதவும்.

இனி, பயிற்சி. புத்தாக்கப் பயிற்சிக்குப் போ. பதவி உயர்வுக்கு அது வேண்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? ஸ்வயம் இணையத் தளத்திலும் படிக்கலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதே. நான் போனவற்றில் பல, பிறர் ஸ்லைடைப் பார்த்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் காத்திருந்த நாட்கள். அந்தத் திங்கட்கிழமைத் தாளோடு போய், நடத்துபவரை மடக்கிக் கேள். மதுரைக்கும் ஒரு நடை போய்வா. 2023இல் நம் ரயிலும் போடிக்குத் திரும்பியது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறந்தது. அந்த நூலகத்தின் மாற்றுத்திறனாளிகள் பிரிவில் அரைநாள் சும்மா உட்கார்ந்து, வருகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று கவனி.

ஒன்று விட்டுப்போயிற்று. உன் பிள்ளைகளில் சிலர் லீவு நாளில் விடியுமுன் ஜீப்பேறி இந்த மலைக்குத்தான் ஏலக்காய் எடுக்க வருகிறார்கள். வளைவு ஏற ஏற போனில் கோடு குறைந்துகொண்டே போகும். இருநூறு பக்கப் புத்தகம் ஸ்கேன் படமாக இருந்தால் ஐம்பது எம்பியைக்கூடத் தாண்டலாம். எழுத்தாக இருந்தால் அதில் ஒரு சிறு பங்குதான் வரும். பார்வையில்லாத பையனுக்காக நீ திருத்திய கோப்பை, கண் நன்றாகத் தெரிகிற பெண் ஜீப்பில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிக்கொள்ளச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை மேலே வரும்போது மடிக்கணினியையும் ஒரு பழைய பாமினி கோப்பையும் எடுத்துவா. ஹெட்போன் இரண்டு கொண்டுவா, என்னுடையது ஒரு பக்கம்தான் கேட்கிறது.

உன் பெரியம்மா