பட்டு எது, பட்டுப் போன்றது எது?

மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தியமங்கலம் செல்லும் சாலையில் சில கல் தொலைவில் உள்ளது சிறுமுகை. மென்பட்டுச் சேலைகளால் இன்று பெயர் பெற்ற கைத்தறி ஊர் அது. அவ்வூரிலேயே 1950களின் இறுதியில் தோன்றிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை, நீலகிரியின் யூகலிப்டஸ் மரத்தைக் கூழாக்கி, அதிலிருந்து ரேயான் இழை எடுத்தது. அம்மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்ததுதான். எனினும் அதன் எண்ணெயை நீலகிரித் தைலம் என்றழைத்து, மரத்தையும் மலையின் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டோம். ஆலையின் கழிவு பவானி ஆற்றைக் கெடுக்கிறது என்று உழவர்கள் நெடுங்காலம் போராடினர். ஆலை இப்போது இல்லை. அது விற்ற இழையின் இனம் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

பிரான்சு நாட்டில் பட்டுப்புழுக்கள் நோயால் மடிந்த நினைவு மறையாத காலத்தில், சார்தொன்னே என்பவர் செயற்கைப் பட்டு செய்து, 1889ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அது எளிதில் தீப்பற்றுவதாக இருந்தது. 1892இல் ஆங்கிலேயர் கண்ட விஸ்கோஸ் முறையே நிலைபெற்றது. மரக்கூழைக் காரத்திலும் கந்தகச் சேர்மத்திலும் கரைத்து, நுண்துளைகளின் வழியே அமிலத்துக்குள் பீய்ச்சினால் இழை உறைகிறது. புழு தன் வாயினால் செய்வதை எந்திரம் செய்கிறது என்னலாம். ஆயினும் புழு தருவது புரதம். எந்திரம் தருவது மரத்தின் நார்ப்பொருள். நனைந்தால் ரேயான் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும்.

மக்கள் ஏமாந்து இதனை ஏற்றனர் என்று சொல்வது முழு உண்மையன்று. பட்டு வாங்க இயலாத வீட்டிலும் திருமணம் நடக்கிறது. அங்கே நூறு ரூபாய்க்குக் கிடைத்த பளபளப்பை நாம் இகழ்தல் தகாது. பிழை பெயரில் நுழைந்தது. 'ஆர்ட்டிஃபிஷியல்' என்ற சொல்லைக் குறுக்கி வணிகர் 'ஆர்ட் சில்க்' என்றனர். கேட்டவர் அதனைக் கலைப்பட்டு என்று கொண்டனர்! இன்று பாலியெஸ்டர்ச் சேலையும் ஏதேனும் ஒரு 'சில்க்' என்னும் பெயரோடுதான் கடைக்கு வருகிறது.

இதனினும் கவலைக்குரிய மாற்றம் ஒன்றுண்டு. பட்டிழை ஏறத்தாழ முக்கோண வடிவினது. ஆகவே அதன் ஒளி மடிப்புக்கு மடிப்பு மாறும், அடங்கியும் இருக்கும். போலியின் மினுக்கத்தில் பழகிய கண்ணுக்கு அது மங்கலாகத் தோன்றுகிறது. அசலைக் கையிலெடுத்து, "இதில் பளபளப்புப் போதாதே" என்று திருப்பித் தரும் காலம் வந்திருக்கிறது. தழை பறித்துப் புழு வளர்ப்பவரின் உழைப்பும் தறிக்குழியில் அமர்ந்தவரின் உழைப்பும் அந்த ஒரு சொல்லில் விலையிழக்கின்றன.

2004இல் வந்த சில்க் மார்க் முத்திரை ஓரளவு துணை செய்கிறது. முத்திரையில்லாத சேலையைச் சோதிக்க நெருப்பு போதும். பட்டு நூல் மயிர் தீய்ந்த வாடையுடன் கருகும். கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். ரேயான் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். சங்கத்து அன்பர்கள் ஒன்றை மறக்கலாகாது: பாவு பட்டாகவும் ஊடை போலியாகவும் நெய்த சேலைகள் உண்டு. ஆதலால் முந்தியின் குஞ்சத்திலிருந்து ஒரு நூல் எடுத்தால் பாவு மட்டுமே தெரியும். ஊடை நூலையும் தனியே பிரித்தெடுத்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும்.